வனஜாபுரம் விழக்கூடாது

போர் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. நாற்காலி வராததால் பத்தரைக்குத் தொடங்கியது.

நான்கு நாடுகளின் தளபதிகளும் மேலாளர்கள். மேலாளர் என்றால் கை வைத்த நாற்காலி. பயிற்சிக் கூடத்தில் கிடந்தவை எல்லாம் கையில்லாத நாற்காலிகள். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மேலாளர் போர் தொடுத்ததாக அந்தத் தொழிற்சாலையில் முன்மாதிரி கிடையாது. மீட்டிங் அறையிலிருந்து நாற்காலிகளை ஆட்கள் தலையில் சுமந்து வந்து இறக்கும்வரை எந்த நாடும் எந்த நாட்டையும் தாக்கவில்லை.

ஆவடிப் பக்கம், டாங்கிகளுக்குப் பாகம் அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை அது. ஃபோர்ஜ் ஷாப்பில் நிஜ டாங்கிக்கு நிஜ இரும்பைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் போர் நடப்பது தெரியாது. அவர்களுடைய சம்மட்டிச் சத்தத்தில் ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்காது.

போரை அனுப்பியது டெல்லி. அதிகாரிகளுக்கு விரைந்து முடிவெடுக்கும் பழக்கம் வரவேண்டும் என்று தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை அனுப்பியிருந்தார்கள். படம் கிடம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். 'உன் படை ஆற்றங்கரையில் நிற்கிறது. கட்டளை?' என்று இங்கிலீஷில் கேட்கும். போ, நில், தாக்கு என்று இங்கிலீஷிலேயே அடித்துவிட்டுப் பெரிய பொத்தானை அழுத்தவேண்டும். நான்கு மேசையில் நான்கு திரை, நான்கு நாடு. மேசைகளுக்கிடையே பலகைத் தடுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர். நடுவில் விருந்தாளிகள் பார்ப்பதற்கென்று ஐந்தாவதாக ஒரு திரை. அதற்கு மட்டும் சாமந்தி மாலை.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. புதுக் கட்டளை வராதவரை பழைய கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும். போ என்று சொல்லிவிட்டு மறந்துபோனால் படை போய்க்கொண்டே இருக்கும். இயந்திரத்துக்கு மறதி கிடையாது.

அதிகாரிகளும் ஒரு விதி வைத்திருந்தார்கள். எழுத்துப் பொத்தானைத் தட்டுவது மூன்றாம் நிலை ஊழியர் வேலை. அதிகாரி தொடக்கூடாது, ஹெட் கிளார்க்கும் தொடக்கூடாது, ஒரு பிரிவின் மெஷினை இன்னொரு பிரிவின் ஆள் தொடக்கூடாது. சுற்றறிக்கை இருந்தது. ஆகவே சிவப்பு நாட்டின் போர்முறை இப்படி அமைந்தது: தளபதி நாகேந்திரன், உற்பத்திப் பிரிவு மேலாளர், வாயால் சொல்லுவார். ஹெட் கிளார்க் உத்தமன் அதைக் குறிப்பாக எழுதுவார். நாகேந்திரன் படித்துப் பார்த்து, தான் சொன்னதையே ஒரு இடத்தில் திருத்தி, சுருக்கொப்பம் வைப்பார். அதற்கப்புறம் சகாயமேரி அடிப்பாள்.

சகாயமேரி தற்காலிக டைப்பிஸ்ட். அவள் அப்பா எட்மண்ட் ஃபோர்ஜ் ஷாப்பில் சம்மட்டி ஆள். போன வருஷம் வேலை நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உலைக்கு முன்னால் சாய்ந்தார். பெண்ணுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். கருணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். இந்த மாதக் கடைசியோடு அதுவும் முடிகிறது. நிரந்தரம் ஆகவில்லை என்றால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அம்மா ஞானம்மாளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கவும் பயமாக இருந்தது, அம்மாவுக்கும் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று.

முந்தின நாள் நாகேந்திரன் அவளைக் கூப்பிட்டார். திட்டப் பிரிவின் தற்காலிக டைப்பிஸ்ட் பால்ராஜையும் கூப்பிட்டார்.

"இருக்கிறது ஒரே ஒரு நிரந்தரப் போஸ்ட். நீங்க ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் அடிக்கிறீங்க. சீனியாரிட்டியும் ஒண்ணு. அதனால நாங்க ஒரு விஞ்ஞான முறை கண்டுபிடிச்சிருக்கோம். உங்க ரெண்டு நாட்டுல எது ஜெயிக்குதோ அந்த நாட்டு டைப்பிஸ்ட்டுக்குப் போஸ்ட்."

"சார், கட்டளை நீங்க குடுப்பீங்க. நாங்க அடிக்கத்தானே போறோம்?" என்றாள் சகாயமேரி.

"அதேதான். ஜெயிச்சா தலைமை. தோத்தா டைப்பிங். இதுல குழப்பம் என்ன?"

வெளியே வந்ததும் பால்ராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்காரன். "இன்னா மேரி, நாளிக்கி நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

"சிரிக்காத பால்ராஜு. தோத்தா எனக்கு வீடே போயிடும்."

"எனக்கு மட்டும் இன்னா, ஜில்லுனா கீது? அக்கா கண்ணாலத்துக்கு இந்த வேலையக் காட்டித்தான் மாப்ள ஊட்ல பேசிக்கீறோம்."

போர் தொடங்கியதும் இயந்திரம் முதலில் ஒவ்வொரு நாட்டிடமும் தலைநகரத்துக்குப் பெயர் கேட்டது. திட்டப் பிரிவு மேலாளர் பாஸ்கரன், நீல நாட்டுத் தளபதி, பாஸ்கர் நகர் என்று கொடுத்தார். நாகேந்திரன் பேனாவை மூடி உதட்டில் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "வனஜாபுரம்னு போடு" என்றார்.

உத்தமனின் எழுதுகிற கை நின்றுவிட்டது. வனஜா என்பது தொழிற்சாலைத் தலைவரான ஜி.எம்.மின் மனைவி. மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் வந்து போரைப் பார்வையிட்டுக் கோப்பை கொடுப்பதாக ஏற்பாடு.

"மேடத்துக்குச் சந்தோஷமா இருக்கும். இன்னொண்ணும் இருக்கு" என்று நாகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "வனஜாபுரத்தைத் தாக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட இந்தத் தொழிற்சாலையில எவனுக்குத் தைரியம் இருக்கு? இதைத்தான்யா கோட்டைன்னு சொல்றது."

அப்புறம் முதல் கட்டளை பிறந்தது. சிவப்புப் படை முழுவதும் தலைநகரத்தை விட்டுக் கிழக்கே கடற்கரைக்குப் போகவேண்டும். உத்தமன் எழுதி முடித்து, அடியில் வழக்கம்போல 'நகல்: எல்லாப் பிரிவுகளுக்கும், தகவலுக்காக' என்று சேர்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கை அந்த வரி இல்லாமல் ஒரு காகிதத்தை முடித்ததில்லை.

"சார், எதிரிக்குமா?" என்றாள் சகாயமேரி.

"எதிரியும் ஒரு பிரிவுதானேம்மா? நாளைக்கு ஆடிட்ல வந்து ஏன் தெரிவிக்கலன்னு கேட்டா நீ பதில் சொல்வியா?"

எல்லா நாட்டுக்கும் செய்தி அனுப்ப அந்த விளையாட்டில் ஒரு கட்டளை இருந்தது. அவள் அனுப்பினாள். சிவப்புப் படை எல்லாம் கடற்கரைக்குப் போகிறது, தலைநகரத்தில் காவலுக்கு ஆளில்லை என்பது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாஸ்கரனுக்குத் தகவலுக்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கட்டளையில் தலைநகரம் என்று மட்டும் இருந்தது, அதன் பெயர் இல்லை. பாஸ்கரன் தொடையைத் தட்டி, "வடக்கே போ!" என்று கையெழுத்துப் போட்டார். பால்ராஜ் அடித்தான். நீல டாங்கிகள் சிவப்புத் தலைநகரத்தைப் பார்த்து உருள ஆரம்பித்தன.

பதினொன்றரைக்கு மஞ்சள் நாடு விழுந்தது. ஸ்டோர்ஸ் பிரிவு அது. குண்டு நிறைய இருந்தது, ஆனால் எடுத்துக் கொடுத்தால் கையிருப்பு குறையுமே என்று அதன் தளபதி கடைசிவரை மறுத்துவிட்டார். கிடங்கு நிறையக் குண்டோடு தோற்ற முதல் நாடு என்று பிற்பாடு அவருக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது. பச்சை நாடான கணக்குப் பிரிவு, போருக்குச் செலவு அனுமதிக்கப்படவில்லை என்று தன் படைக்குத் தானே ஆட்சேபணை எழுதி, பன்னிரண்டு மணிக்குள் அழிந்தது. இரண்டு தளபதிகளும் கைவைத்த நாற்காலியிலேயே தூங்கினார்கள்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. நாகேந்திரன் எழுந்து போனார். சகாயமேரியின் திரையில், 'உன் படை கடற்கரையை அடைந்துவிட்டது. கட்டளை?' என்று வந்தது.

"உத்தமன் சார், நில்லுன்னு அடிக்கட்டுமா?"

"அய்யா கையெழுத்து?"

"அய்யா சாப்பிடப் போயிட்டாங்களே."

"வரட்டும். குறிப்பு ரெடி பண்ணி வெச்சிருக்கேன்."

புதுக் கட்டளை வராததால் பழைய கட்டளை ஓடியது. கிழக்கே போகச் சொல்லியிருந்தார்கள். சிவப்புப் படை கடலுக்குள் இறங்கியது. அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'உன் படை முழங்கால் தண்ணீரில் நடக்கிறது. கட்டளை?' 'உன் படை இடுப்புத் தண்ணீரில் நடக்கிறது. கட்டளை?' அவள் விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. ஒரே ஒரு சொல். அப்பா செத்த அன்றைக்கு ஃபோர்ஜ் ஷாப்பில் ஆம்புலன்ஸுக்கு யார் போன் பண்ணுவது என்று இரண்டு சூப்பர்வைசர்கள் பேசிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். சொல்லாததை அடித்தாள் என்று ஒரு வரி எழுதினால் போதும், குவார்ட்டர்ஸ் போய்விடும்.

நாகேந்திரன் ஏப்பத்தோடு திரும்பி வந்தபோது படை கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிருந்தது. கூடவே இன்னொரு வரி மின்னிக்கொண்டிருந்தது. 'வடக்குச் சாலையில் நீல டாங்கிகள்.'

"வரட்டும். பேரைப் பார்த்ததும் நிப்பான் பாரு" என்றார் நாகேந்திரன்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு வரி வந்தது. 'எதிரே தெரிவது வனஜாபுரம். கட்டளை?' பால்ராஜ் அதைச் சத்தமாகப் படித்தான். பாஸ்கரனின் தேநீர்க் குவளை தட்டில் மோதுகிற சத்தம் இங்கே கேட்டது.

"அடப் பாவி நாகேந்திரா! மேடம் பேரை வெச்சிருக்கானே!"

"சார், தாக்கணுமா, திரும்பணுமா?" பால்ராஜின் குரல்.

"தாக்குன்னா நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்? எனக்கு ஜனவரியில பிரமோஷன் இருக்கு."

"அப்போ திரும்பச் சொல்லட்டா?"

"பின்வாங்கினான்னு ரிப்போர்ட்ல வருமே! ஒண்ணும் அடிக்காத. சும்மா இரு. யோசிக்கிறேன்."

பால்ராஜ் சும்மா இருந்தான். டாங்கிகள் சும்மா இருக்கவில்லை. வடக்கே போ என்று காலையில் சொன்னதை அவை மறக்கவில்லை. 'வனஜாபுரத்தின் வெளிமதில் இடிந்தது' என்று சகாயமேரியின் திரையில் வந்தது. சற்றுப் பொறுத்து, 'வனஜாபுரத்தில் தீ.'

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். வாசலில் ஜி.எம்.மின் கார்க் கதவு சாத்துகிற சத்தம். நாகேந்திரனின் முகத்தில் எண்ணெய் வழிந்தது.

"நிறுத்தச் சொல்லுய்யா பாஸ்கரனை!"

"எழுத்துல கேக்கணும் சார்" என்றார் உத்தமன்.

"நம்ம படை எங்கே?"

"கடல்ல சார்" என்றாள் சகாயமேரி.

"கூப்பிடு!"

"நடந்து வரணும் சார்."

நடுவில் மாலை போட்ட திரையில் எல்லாமே தெரியும். ஜி.எம்.மும் அவர் மனைவியும் உள்ளே வந்து உட்காரும்போது 'வனஜாபுரம் விழுந்தது' என்று பச்சை எழுத்தில் வரும். நாகேந்திரன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பேரை மாத்த முடியுமா?"

"முடியும்னு புத்தகத்துல போட்டிருக்கு சார். என்ன பேர் வைக்கணும்?"

விழப்போகிற ஊருக்கு யார் பெயரை வைப்பது?

"முருகன்?" என்றார் உத்தமன்.

"சாமி விழலாமாய்யா?"

"காவேரி?"

"அது ஏற்கெனவே கோர்ட்ல இருக்கு. வம்பு."

"யூனியன் லீடர் பேரு?"

"நாளைக்கே கேட் மீட்டிங் போடுவான்!"

"அய்யா பேரையே வெச்சா?"

நாகேந்திரன் உத்தமனைப் பார்த்த பார்வையில் உத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. 'வனஜாபுரத்தின் உள்கோட்டையில் எதிரி' என்றது திரை.

உத்தமன்தான் சொன்னார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. குண்டூசி கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். "உன் பேரைப் போட்டுடும்மா. யார் கேக்கப்போறா?"

"ஆங்! அதான் சரி" என்றார் நாகேந்திரன். "சீக்கிரம்! போடு போடு!"

சகாயமேரி கையை நீட்டினாள். "குறிப்பு சார்? கையெழுத்து?"

"இதுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

காலையிலிருந்து அந்த நாட்டில் கையெழுத்தில்லாமல் பிறந்த ஒரே கட்டளை அதுதான். அவள் தன் பெயரை அடித்தாள். திரையில் வனஜாபுரம் மறைந்து சகாயமேரி வந்தது. தீ அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. எல்லோரும் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு நாடுகளும் எழுந்தன.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாஸ்கரன் தன் திரையைப் பார்த்தார். "என்னய்யா, ஊர் பேர் மாறிடுச்சு? சகாயமேரியா? அது யாரு?" யாரோ காதில் சொன்னார்கள். அவ்வளவுதான், அவர் நெஞ்சு நிமிர்ந்தது. ஜி.எம். காதில் விழுகிற மாதிரி கர்ஜித்தார். "தாக்கு! கொஞ்சமும் தயவு காட்டாதே! கொண்டா பேனாவை!"

குறிப்பு எழுதி, படித்து, சுருக்கொப்பம் வைக்க அன்றைக்கு முதல்முறையாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பால்ராஜ் அடிக்கவில்லை.

தடுப்புப் பலகையில் ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாக அவன் கண் மட்டும் தெரிந்தது. "மேரி," என்றான் மெதுவாக, "உன் பேர்ல கீது."

"தெரியும்."

"இன்னா பண்றது?"

அவள் தன் திரையைப் பார்த்தாள். அவன் அடிக்காவிட்டாலும் டாங்கிகள் நிற்கப்போவதில்லை. கொஞ்சம் தாமதமாக விழும், அவ்வளவுதான். அதற்குள் அவன் வேலையும் போகும். "உங்க அக்கா கல்யாணம் இருக்குல்ல? அடி, பால்ராஜு."

"அய்யே..."

"அடிடா!"

அவன் பொத்தானை அழுத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நடுத்திரையில், சாமந்தி மாலைக்குள், பெரிய எழுத்தில் வந்தது: 'சகாயமேரி விழுந்தது. போர் முடிந்தது.'

எல்லோரும் கை தட்டினார்கள். நாகேந்திரன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"வனஜாபுரம்னு ஒரு ஊர் இருக்கிறதாச் சொன்னாங்களே?" என்றார் ஜி.எம்.மின் மனைவி.

"பத்திரமா இருக்கு மேடம். அது மேல ஒரு தூசி விழல" என்றார் நாகேந்திரன்.

ஜி.எம். பேசினார். "இன்னைக்கு நாம ஒரு உண்மையைக் கத்துக்கிட்டோம். போர்ல யார் விழறாங்கன்னு முன்கூட்டியே முடிவெடுக்கிறதுதான் தலைமை. இந்த சகாயமேரி ஒரு சின்ன ஊர். மேப்லகூட இருக்காது. அதை இழந்து நாம எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கோம். ஒரு மேலாளர்கூட காயப்படல. நிஜப் போர் வந்தாலும் இந்தத் தொழிற்சாலை இதே மாதிரிதான் நடந்துக்கும்னு நான் டெல்லிக்கு உறுதி கொடுக்கிறேன்."

ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை, தோற்றவருக்கு அதே அளவில் ஒரு கோப்பை. போஸ்ட் மட்டும் ஒன்றுதான். அதுவும் பால்ராஜுக்கு உடனே கிடைக்கவில்லை. தளபதி ஆணையிட்ட பிறகு தயங்கி நின்றதாக அவனிடம் ஒரு விளக்கம் கேட்டிருந்தார்கள். சகாயமேரியின் வேலையை நீட்டிக்கப் பரிந்துரைக்கச் சொல்லி உத்தமன் ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். "சகாயமேரி இப்போ நீல நாட்டு வசம். அவங்கதான் பரிந்துரைக்கணும்" என்று நாகேந்திரன் எழுதினார். "எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது ஓர் எரிந்த நகரம் மட்டுமே. அதில் டைப்பிஸ்ட் எவரும் காணப்படவில்லை" என்று பாஸ்கரன் பதில் எழுதினார். இரண்டுக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் நகல் போயிற்று.

மாதக் கடைசியில் உத்தமன் ஒரு வரைவைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். முகத்தைப் பார்க்காமல், "சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடும்மா" என்றார்.

அவள் படித்தாள். அவளை வேலையிலிருந்து விலக்குகிற உத்தரவு. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்பது இரண்டாவது பத்தி. அடியில் நாகேந்திரனின் முழுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. டைப் ஆகி வந்தால் போட்டுவிடுவார். உற்பத்திப் பிரிவில் டைப்பிஸ்ட் அவள் ஒருத்திதான்.

டைப்ரைட்டரில் தாளைச் சொருகினாள். தேதி அடித்தாள். தன் பெயரை அடித்தாள். அது இப்போது பழகிவிட்டிருந்தது. அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. உத்தமன் வந்தார். "ஆச்சாம்மா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"அடிக்கல."

அவர் டைப்ரைட்டரைப் பார்த்தார். கையை நீட்டினார். சுற்றறிக்கை ஞாபகம் வந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாகேந்திரனிடம் போனார். நாகேந்திரனும் வந்து பார்த்தார். அவராலும் தொட முடியாது. "திட்டப் பிரிவுப் பையனைக் கூப்பிடு" என்றார்.

பால்ராஜ் வந்தான். தாளைப் படித்தான். பெயரைப் பார்த்தான்.

"நான் ப்ளூ சார். ரெட் மெஷின நான் எப்டி சார் தொடறது? சர்க்குலர் கீதே."

"இது போர் இல்லய்யா!"

"அப்டியா சார்? எனக்கு யாரும் எழுத்துல குடுக்கலயே" என்றான் பால்ராஜ்.

எழுத்தில் கொடுக்க இன்னொரு டைப்பிஸ்ட் வேண்டும். வெளிப் பிரிவிலிருந்து ஆள் கேட்க ஒரு கடிதம் வேண்டும். கடிதத்தை அடிக்க வரைவை அவள் மேசையில்தான் வைக்கவேண்டும். உத்தமன் வைத்தார். ஏற்கெனவே இருந்ததன் மேல் அது உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் ஞானம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். "எப்பம்மா கிளம்பணும்?"

"பிரிச்சு அடுக்கும்மா."

"உத்தரவு வந்துடுச்சா?"

"வரல. வர்றவரைக்கும் பழசுதான்."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பயிற்சிக் கூடத்தின் ஜன்னலைத் தாண்டினாள். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. காய்ந்த மாலைக்குள் போர் முடிந்துவிட்டதாக அறிவிப்பு இருந்தது. அவளுடைய பழைய மேசையிலோ பச்சை எழுத்து இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. போர் முடிந்ததைப் படைக்கு யாரும் சொல்லவில்லை.

'உன் படை கடலில் நடந்துகொண்டிருக்கிறது. கட்டளை?'

சகாயமேரி ஒரு கணம் நின்று பார்த்தாள். "நடங்க" என்று சொல்லிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.